மேற்கு வர்ஜீனியா: நிலக்கரி மாநிலம் கட்சி மாறியது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் வரைபடத்தில் மேற்கு வர்ஜீனியா இன்று அடர் சிவப்பு, அதாவது குடியரசுக் கட்சியின் மாநிலம். 1990கள் வரை அது ஜனநாயகக் கட்சியின் நீலத்தில் இருந்தது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்து, பதிலோடு தந்திருக்கிறோம். மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் கேள்விகள் எளிதாகப் புரியும்.

மேற்கு வர்ஜீனியாவுக்கும் நிலக்கரிக்கும் அப்படி என்ன நெருக்கம்?

அப்பலாச்சிய மலைத்தொடருக்குள் அடங்கிய மாநிலம் அது. உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863-ல் தனி மாநிலமானது. மொத்தம் 55 மாவட்டங்கள். தெற்கே மெக்டவல், மிங்கோ, லோகன், பூன், வயோமிங் ஆகிய மாவட்டங்களில் (இந்த வயோமிங் வேறு, மேற்கே உள்ள வயோமிங் மாநிலம் வேறு) மலையைக் குடைந்தால் நிலக்கரி. சமவெளி குறைவு என்பதால் பெரிய விவசாயமும் இல்லை. ரயில் பாதை நிலக்கரிக்காக வந்தது, ஊர்கள் ரயில் பாதையோரம் முளைத்தன. 1940களின் இறுதியில் சுமார் 1,25,000 பேர் சுரங்கத்தில் வேலை செய்தார்கள்.

உண்மையிலேயே அது ஜனநாயகக் கட்சியின் கோட்டையா இருந்துச்சா, இல்ல சும்மா சொல்றாங்களா?

கோட்டையேதான். 1932 முதல் 1996 வரை நடந்த 17 அதிபர் தேர்தல்களில் 14-ல் ஜனநாயகக் கட்சியே அங்கே வென்றது. தோற்ற மூன்றும் 1956, 1972, 1984. அந்த மூன்றிலும் எதிரே நின்றவர்கள் ஐசன்ஹோவர், நிக்சன், ரீகன். மூவரும் ஏற்கெனவே பதவியில் இருந்தபடி மறுதேர்தலுக்கு நின்றவர்கள், நாடு முழுக்கப் பெருவெற்றி பெற்றவர்கள். நாடே ரீகன் பக்கம் சாய்ந்த 1980-லும் இந்த மாநிலம் கார்ட்டரை விடவில்லை. 1988-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் வென்ற பத்தே மாநிலங்களில் இதுவும் ஒன்று.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1932-க்கு முன்னால் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் இதே மாநிலம் குடியரசுக் கட்சியிடம்தான் இருந்தது. ஆக, 2000-க்குப் பிறகு நடந்தது இந்த மாநிலத்தின் முதல் கட்சி மாற்றம் இல்லை.

அந்த விசுவாசம் எங்கிருந்து வந்தது?

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வழியாக வந்தது. 1890-ல் தொடங்கப்பட்ட ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் தெற்கு மாவட்டங்களுக்குள் நுழைய முடியாமல் நாற்பது ஆண்டுகள் திணறியது. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது. பல இடங்களில் கூலியைக் கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளாகக் கொடுத்தார்கள். சங்கத்தில் சேர்ந்தால் வேலையோடு வீடும் போகும். 1920 மே மாதம் மேட்வான் ஊரில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அடுத்த ஆண்டு பிளேர் மலையில் சுமார் 10,000 தொழிலாளர்கள் ஆயுதமேந்தி நின்று, கூட்டாட்சிப் படை வந்த பிறகே கலைந்தார்கள்.

1933-ல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் அரசு சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதியது. ஆயுதத்தால் கிடைக்காத உரிமை ஒரு சட்டத்தால் சில மாதங்களில் கிடைத்தது. சங்க அமைப்பாளர்கள் ஊர் ஊராகப் போய் உறுப்பினர் சேர்த்தார்கள். 1946 ஒப்பந்தத்தில் தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 5 சென்ட் வீதம் நல நிதிக்குச் செலுத்தக் கம்பெனிகள் கட்டுப்பட்டன. 1952-க்குள் அது 40 சென்ட் ஆனது. அந்தப் பணத்தில் ஓய்வூதியம் வந்தது, மருத்துவ அட்டை வந்தது, மூன்று மாநிலங்களில் பத்து மருத்துவமனைகள் எழுந்தன. கட்சி, சங்கம், ஓய்வூதியம், மருத்துவமனை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. வாக்குச்சீட்டில் எந்தக் கட்சி என்ற கேள்வி பல வீடுகளில் எழவே இல்லை.

சரி, எந்த வருஷம் மாறுச்சு?

ஒரே ஆண்டைச் சொல்ல முடியாது. மேல் பதவிக்கான வாக்கு முதலில் மாறியது, கீழ்ப் பதவிகளுக்கான வாக்கு பின்னால் மாறியது. இடையில் 14 ஆண்டுகள்.

அதிபர் தேர்தலில் மாறியது 2000-ல். ஜார்ஜ் புஷ் சுமார் 41,000 வாக்கு வித்தியாசத்தில் அல் கோரை வென்றார். 1928-க்குப் பிறகு, பதவியில் இல்லாத ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளர் அங்கே வென்றது அதுவே முதல் முறை. மாநிலத்துக்கு அப்போது 5 தேர்வாளர் வாக்குகள் (அதிபர் யார் என்பதை முடிவுசெய்வது இவைதான், வெல்ல 270 தேவை). புஷ்ஷுக்கு மொத்தம் கிடைத்தது 271. அந்த ஐந்தும் கோருக்குப் போயிருந்தால், உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஃபுளோரிடா மறு எண்ணிக்கைக்கு அவசியமே வந்திருக்காது.

மாநிலச் சட்டமன்றம் 2014 தேர்தலில் கைமாறியது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பான்மையாக இருந்த கட்சி கீழவையை இழந்தது. மேலவை 17-க்கு 17 என நின்றபோது ஒரு உறுப்பினர் கட்சி மாறி முடித்துவைத்தார். அதே தேர்தலில், 1976 முதல் வென்றுவந்த ஜனநாயகக் கட்சியின் நிக் ராஹால் தன் நாடாளுமன்றத் தொகுதியை இழந்தார். வாக்காளர் பதிவேட்டில் குடியரசுக் கட்சியினர் எண்ணிக்கை முந்தியதோ 2021-ல்தான். பதிவு மெதுவாக மாறும், வாக்கு வேகமாக மாறும் என்பதை மனத்தில் வையுங்கள். கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

சுற்றுச்சூழல் சட்டம்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்களே?

பாதிக் காரணம். 1990-ல் தூய காற்றுச் சட்டத் திருத்தம் கந்தகப் புகைக்கு வரம்பு வைத்தபோது, மாநிலத்தின் வடக்கே கிடைக்கும் கந்தகம் மிகுந்த நிலக்கரிக்கு அடி விழுந்தது. ஆனாலும் 1992-லும் 1996-லும் கிளின்டன் அங்கே எளிதாக வென்றார். சட்டம் மட்டுமே காரணம் என்றால் அப்போதே தோற்றிருக்க வேண்டும்.

மாற்றியது அடுத்த அலை. 1997-ல் கியோட்டோ பருவநிலை ஒப்பந்தம் வந்தது. 1999-ல், மலை உச்சியை வெடிவைத்துப் பெயர்த்து மண்ணைப் பள்ளத்தாக்கில் கொட்டும் முறைக்கு எதிராகக் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வேட்பாளராக வந்தவரோ சுற்றுச்சூழலைத் தன் அடையாளமாக்கிய அல் கோர். கந்தகத்துக்கு வடிகட்டி போட்டுவிடலாம், கார்பனுக்கு அப்படி மலிவான வழி இல்லை. எந்த நிலக்கரியை எரிப்பது என்ற கேள்வி போய், நிலக்கரியே கூடாது என்ற பேச்சு வந்துவிட்டதாக ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒபாமா காலத்தில் அது இறுகியது. 2009-ல் கார்பன் வரம்பு மசோதா கீழவையில் 219-க்கு 212 என நிறைவேறி, செனட்டில் செத்தது. லோகன் மாவட்டத்தில் சுமார் 2,300 ஏக்கரில் திட்டமிடப்பட்ட ஸ்புரூஸ் சுரங்கத்துக்கு 2007-ல் தந்த அனுமதியை, 2011 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை திரும்பப் பெற்றது. கையில் இருந்த அனுமதியே பறிபோகும் என்ற அச்சம், எழுதப்படாத எந்த மசோதாவையும்விட ஆழமாகப் போனது.

அவ்வளவு பலமான யூனியன் எங்க போச்சு?

எங்கள் பார்வையில் மொத்த மாற்றத்துக்கும் வேர் இதுதான். 1950 ஒப்பந்தத்தில் சங்கத் தலைவர் ஜான் லூயிஸ் இயந்திரமயத்துக்குச் சம்மதித்தார். வேலை செய்பவர் குறையட்டும், இருப்பவருக்கு நல்ல கூலியும் நிதிக்குப் பணமும் கிடைக்கட்டும் என்பது கணக்கு. பாறையை வெட்டி அப்படியே வாரி ஏற்றும் தொடர்வெட்டு இயந்திரம் பரவியது. 1960களின் தொடக்கத்தில் தொழிலாளர் எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. நிதி தளர்ந்ததும் அந்தப் பத்து மருத்துவமனைகளும் கைமாறின.

இரண்டாம் அடி 1980களில். மேஸி நிலக்கரி நிறுவனத்துக்கு எதிரான 1984-85 வேலைநிறுத்தம் சங்கத்துக்கு வெற்றி தரவில்லை. பெரிய நிறுவனங்கள் சுரங்கங்களைத் தனித்தனிக் கிளை நிறுவனங்களின் பெயரில் நடத்தி, சங்கம் இல்லாமல் ஆள் எடுத்தன. மலை உச்சிச் சுரங்கங்களுக்குத் தேவைப்பட்டவர்கள் கனரக வண்டி ஓட்டுநர்களும் வெடி வைப்பவர்களும். 2010 ஏப்ரலில் 29 பேர் இறந்த அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்திலும் சங்கம் கிடையாது. அண்டை மாநிலமான கென்டக்கியில் 2015 பிறப்பதற்குள் கடைசிச் சங்கச் சுரங்கமும் மூடிவிட்டது.

சங்கக் கிளை இருந்த ஊரில் தேர்தலுக்கு முன் கூட்டம் நடக்கும், யாருக்கு வாக்கு, ஏன் என்று பேசுவார்கள், வண்டி வைத்து அழைத்துப் போவார்கள். கிளை மூடினால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். தந்தை சங்கக்காரர், மகன் சங்கமில்லாத சுரங்கத்தில், பேரன் வேறு மாநிலத்தில் என்றான பிறகு, கட்சியை வீட்டுக்குள் கொண்டுவர ஆள் இல்லை.

வேலை போனதுக்கு யார் காரணம்? ஒபாமாவா, எரிவாயுவா, மெஷினா?

காலத்தைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். 1950 முதல் 2000 வரை போன வேலைகள் பெரும்பாலும் இயந்திரத்தால் போனவை. மாநிலத்தின் உற்பத்தி 1947-லும் சுமார் 17 கோடி டன், 1997-லும் அதே அளவு. ஆட்கள் மட்டும் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருந்தார்கள்.

2011-க்குப் பிறகு போனவற்றில் முதல் காரணம் எரிவாயு. பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை பரவியதால், 2008-ல் 9 டாலருக்கு அருகில் இருந்த சராசரி விலை 2012-ல் 3 டாலருக்கும் கீழே விழுந்தது. மின்நிலையங்கள் மாறிக்கொண்டன. அந்த எரிவாயுவின் ஒரு பகுதி மேற்கு வர்ஜீனியாவின் அடியிலிருந்தே வந்தது. விதிமுறைகளுக்கும் பங்கு உண்டு. 2011 இறுதியில் வந்த பாதரச விதி பழைய மின்நிலையங்கள் பலவற்றை மூடவைத்தது. ஆனால் எரிவாயு விலை உயர்ந்தே இருந்திருந்தால் அவற்றில் சில வடிகட்டி போட்டுத் தப்பியிருக்கும்.

பலர் கவனிக்காதது இன்னொன்று. தெற்கு மாவட்டங்களின் நிலக்கரியில் கணிசமான பகுதி எஃகு ஆலைக்கான உயர்தரக் கரி. மின்நிலைய விதிகள் அதைத் தொடுவதில்லை. அதன் விலை உலக எஃகுச் சந்தையைப் பொறுத்தது. இந்திய ஆலைகளும் அமெரிக்காவிலிருந்து இந்தக் கரியை வாங்குகின்றன. சீனாவில் எஃகுத் தேவை தளர்ந்தபோது இங்கும் ஷிப்டுகள் குறைந்தன. ஊரில் மட்டும் எல்லாப் பழியும் ஒரே பெயரில் விழுந்தது, ஏனென்றால் எரிவாயு விலை வாக்குச்சீட்டில் நிற்பதில்லை.

இன்னிக்கு சுரங்கத்துல வேலை பாக்குறவங்க ரொம்பக் கம்மி. மத்தவங்க ஏன் நிலக்கரிக்காக ஓட்டுப் போடணும்?

நியாயமான கேள்வி. 2016-ல் சுமார் 12,000 பேர்தான் சுரங்கத்தில் இருந்தார்கள். ஆனால் அப்போது தோண்டும் கரியின் மதிப்பில் பொதுவாக 5 சதவீதம் மாநிலத்துக்கு அகழ்வு வரியாகப் போனது, அதில் ஒரு பங்கு மாவட்டங்களுக்குத் திரும்பி வந்தது. உற்பத்தி விழுந்தால் பள்ளிக்கூடமும் ஷெரிஃப் அலுவலகமும் செலவைக் குறைக்க வேண்டும். பூன் போன்ற மாவட்டங்களில் 2015-16-ல் இதுதான் நடந்தது. சுரங்கத்தில் கால் வைக்காத ஆசிரியரும் கடைக்காரரும் அதை நேரடியாக உணர்ந்தார்கள்.

அடையாளத்தின் கணக்கு தனி. 2002-ல் மாநில நிலக்கரி உற்பத்தியாளர் சங்கம் ‘நிலக்கரியின் நண்பர்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, கால்பந்து ஆட்டம், வண்டி ஸ்டிக்கர், முற்றத்துப் பலகை என எல்லா இடத்திலும் கொண்டுபோனது. முன்பு பெருமை ‘சங்கத் தொழிலாளி’ என்பதில் இருந்தது, அதில் முதலாளி எதிர்ப்பக்கம். இப்போது பெருமை ‘நிலக்கரி’ என்பதில், அதில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் வாஷிங்டன். சங்கம் தளர்ந்து காலியான இடத்தில்தான் இது வேர்விட்டது.

துப்பாக்கி, கருக்கலைப்பு, மதம் இதெல்லாம் சேராதா?

சேரும். வேட்டையாடும் மாநிலம், தேவாலயம் நிறைந்த மாநிலம். 2000 பிரச்சாரத்தில் நிலக்கரிக்கு இணையாகத் துப்பாக்கி உரிமையும் பேசப்பட்டது. ஆனால் இந்த நம்பிக்கைகள் 1980-லும் இருந்தன, அப்போது வாக்கை மாற்றவில்லை. சங்கம் முதலில் பேசிய காலத்தில் பணமும் பாதுகாப்பும்தான் தேர்தல் பேச்சு. அது அடங்கிய பிறகே இவற்றின் குரல் உரக்கக் கேட்டது.

வெளிப்படையா சொல்லுங்க, ஒபாமா கறுப்பர்ங்கறதுதானே காரணம்?

ஒரு பங்கு உண்டு, மறைக்கத் தேவையில்லை. 2008-ல் நாடு முழுக்க ஜனநாயகக் கட்சியின் வாக்கு ஏறியபோது இங்கே ஏறவில்லை. 2004-ல் கெர்ரிக்கு 43 சதவீதம், 2008-ல் ஒபாமாவுக்கும் ஏறக்குறைய அதேதான். 2012 உட்கட்சித் தேர்தலில், ஒபாமாவை எதிர்த்து நின்ற, டெக்சாஸ் சிறையில் இருந்த ஒரு கைதிக்கு 41 சதவீத வாக்கு விழுந்தது. அந்த நவம்பரில் 55 மாவட்டங்களும் ஒபாமாவைக் கைவிட்டன.

ஆனால் முழுக் காரணம் அது இல்லை. சரிவு 2000-லேயே தொடங்கியது. 2008-ல் மெக்டவலும் பூனும் ஒபாமாவுக்கே வாக்களித்தன. 2016-ல் வெள்ளையரான ஹிலாரி கிளின்டனுக்குக் கிடைத்தது 26 சதவீதம், ஒபாமா 2012-ல் பெற்ற 35-ஐவிடக் குறைவு. ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் அடைப்பவர்கள் இந்த எண்களைத் தாண்டிப் போக முடியாது.

ஹிலாரி ஒரு கூட்டத்துல பேசினதாலதான் தோத்தாங்கன்னு சொல்றாங்களே?

2016 மார்ச்சில் ஓஹாயோவில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நிறையச் சுரங்கத் தொழிலாளரும் கம்பெனிகளும் தொழிலை இழக்கப் போகிறார்கள் என்ற பொருளில் சொன்னார். அந்த மக்களை மறந்துவிடக் கூடாது என்று அடுத்த மூச்சில் சொன்னதும் உண்மை. நிலக்கரிப் பகுதிகளுக்கு 3,000 கோடி டாலர் திட்டமும் அவரிடம் இருந்தது. முதல் வாக்கியம் மட்டுமே விளம்பரங்களில் ஓடியது.

ஆனால் அந்தப் பேச்சு இல்லாமலும் அங்கே தோற்றிருப்பார். முந்தைய கேள்வியில் பார்த்தபடி 2012-லேயே ஒரு மாவட்டமும் மிஞ்சவில்லை. அந்தப் பேச்சு தோல்வியின் அளவைப் பெரிதாக்கியிருக்கலாம்.

அப்போ ஜோ மான்சின் மட்டும் எப்படி ஜெயிச்சுக்கிட்டே இருந்தார்?

வாக்காளர்கள் ஒரே நாளில் இரண்டு கட்சிக்கு வாக்களித்தார்கள். 2012-ல் ஒபாமாவுக்கு 35 சதவீதம் விழுந்த அதே நாளில், அதே கட்சியின் செனட் வேட்பாளரான மான்சினுக்கு 60-க்கு மேல். 2010-ல் கார்பன் மசோதாவைத் துப்பாக்கியால் சுடும் விளம்பரத்தில் நடித்தவர் அவர். தன் கட்சியின் தலைமையோடு தனக்குத் தொடர்பில்லை என்று காட்டினால் மட்டுமே உள்ளூரில் பிழைக்க முடிந்தது.

அந்த வழியும் குறுகிக்கொண்டே வந்தது. 2018-ல் சுமார் 3 புள்ளி வித்தியாசத்தில் தப்பினார். 2024-ல் மறுபடி நிற்கவில்லை. நிலக்கரி முதலாளியான ஜிம் ஜஸ்டிஸ் 2016-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஆளுநர் தேர்தலில் வென்று, 2017 ஆகஸ்டில் டிரம்ப் பேசிய மேடையிலேயே கட்சி மாறினார். மான்சினின் செனட் இடம் 2024-ல் அவருக்கே போனது.

தங்களுக்கு நல்லது செஞ்ச கட்சியை விட்டுட்டாங்களே, விவரம் இல்லாதவங்களா?

இந்தக் கேள்வியின் தொனியே தவறு, ஆனால் உள்ளே உள்ள முரண்பாடு உண்மையானது. கரிநுரையீரல் நோய்க்கு (நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்) இழப்பீடு பெறுவதைப் பாருங்கள். 15 ஆண்டு நிலத்தடியில் வேலை செய்தவருக்கு முழுமையாக முடக்கும் நுரையீரல் நோய் இருந்தால், அது சுரங்கத்தால் வந்தது என்றே சட்டம் கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது கம்பெனியின் பொறுப்பு. 1980களில் நீக்கப்பட்ட இந்த விதியைத் திரும்பக் கொண்டுவந்தது 2010-ன் ஒபாமா மருத்துவச் சட்டம். செனட்டர் ராபர்ட் பைர்ட் அதைச் சேர்க்கவைத்தார். விண்ணப்பித்த பல குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

வாக்காக அது திரும்பாததற்குக் காரணம் இருக்கிறது. 1950-ல் மருத்துவ அட்டை சங்கத்தின் பெயரோடு வந்தது. 2010-ன் உரிமை, ஆயிரம் பக்கச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக வந்து வழக்கறிஞர் மூலம் வீட்டுக்குப் போனது. யார் தந்தது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. மேலும், வேலை இருக்கும் 35 வயதுக்காரருக்கு இழப்பீடு தூரத்து விஷயம், அடுத்த மாதச் சம்பளம் பக்கத்து விஷயம்.

டிரம்ப் வந்து நிலக்கரியைத் திரும்பக் கொண்டுவந்தாரா?

இல்லை. 2017 தொடக்கத்தில் நாடு முழுக்கச் சுமார் 50,000 பேர் நிலக்கரி வேலையில் இருந்தார்கள். 2020 முடிவில் சுமார் 40,000. ஓடைப் பாதுகாப்பு விதி நீக்கப்பட்டது, வேறு விதிகளும் தளர்ந்தன, ஆனால் எரிவாயு விலை அப்படியே இருந்தது. 2020-ல் பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டது. அந்த நவம்பரிலும் அவருக்கு 68 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. தங்கள் பக்கம் நின்று பேசுகிறார் என்பதையே பலர் எடைபோட்டார்கள்.

நிலக்கரி இருக்கிற ஊரெல்லாம் இப்படித்தான் மாறுமா?

மாறாது. அமெரிக்காவில் மிக அதிகமாக நிலக்கரி எடுக்கும் வயோமிங் மாநிலம் 1968 முதல் அதிபர் தேர்தல்களில் குடியரசுக் கட்சிக்கே வாக்களிக்கிறது. அங்கே தடித்த படுகையைத் திறந்தவெளியில் வெட்டுகிறார்கள், ஆள் குறைவு, சங்கம் பலவீனம். 1990 சட்டம்கூட அவர்களின் கந்தகம் குறைந்த கரிக்கு லாபமே தந்தது. மாற எதுவும் இல்லை.

இங்கிலாந்தின் போல்சோவர் என்ற நிலக்கரித் தொகுதி இன்னொரு விதம். அந்த நாட்டில் நடந்த 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தைத் தோற்கடித்தது கன்சர்வேட்டிவ் அரசு, எனவே தொழிலாளர் கட்சி மீதான பற்று சுரங்கங்கள் மூடிய பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. 2019-ல் தொகுதி கைமாறி, 2024-ல் திரும்பியது.

நானே கணக்குப் பாக்கணும்னா எப்படி?

மாநிலச் செயலர் அலுவலகம் மாவட்டவாரியான முடிவுகளை வெளியிடுகிறது. முதலில் சொன்ன ஐந்து தெற்கு மாவட்டங்களை எடுங்கள். ஒப்பிட, நிலக்கரியை மட்டுமே நம்பியிராத இரண்டு மாவட்டங்களைச் சேருங்கள். பல்கலைக்கழகம் உள்ள மோனோங்கேலியாவும் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஜெஃபர்சனும் சரியாக இருக்கும். 1996 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் சதவீதத்தோடு மொத்த வாக்கு எண்ணிக்கையையும் எழுதுங்கள். பக்கத்தில் அதே நாளின் ஆளுநர் அல்லது செனட் தேர்தல் எண்களை வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி முதலில் பெரிதாகி, பின்னால் சுருங்குவது தெரியும்.

மூன்று இடத்தில் தவறு வரும். பதிவேட்டு எண்ணை வாக்காகக் கொள்வது முதல் தவறு. பதிவு இருபது ஆண்டு பின்தங்கி ஓடியது. இரண்டாவது, சதவீதத்தை மட்டும் பார்ப்பது. மெக்டவலில் 1950-ல் ஏறத்தாழ 99,000 பேர், 2020-ல் 19,111 பேர். கட்சி மாறியவர்களோடு, ஊரைவிட்டுப் போனவர்களும் வாக்களிக்கவே வராதவர்களும் சேர்ந்துதான் அந்தச் சதவீதம். மூன்றாவது, மாவட்டக் கணக்கிலிருந்து ஆள் கணக்குக்குத் தாவுவது. லோகன் 2016-ல் ஏறக்குறைய 80 சதவீதம் டிரம்புக்குப் போனது என்பதால் அங்குள்ள சங்க ஓய்வூதியர்களில் 80 சதவீதம் அவருக்கு வாக்களித்தார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு ஆளாளிடம் கேட்ட கருத்துக்கணிப்பு வேண்டும்.